பதினோராம் வசனத்துக்கு முன்னால் பத்தாம் வசனம் இருக்கிறது

ஜனவரி பிறந்துவிட்டால் போதும், என் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் பூராவும் பைபிளில் எரேமியா புத்தகத்து 29ஆம் அதிகாரம் 11ஆம் வசனம்தான். "நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்... அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." பின்னால் சூரிய உதயம், ஓரத்தில் ஒரு புறா, கீழே சபைப் பெயரும் பாஸ்டர் செல் நம்பரும். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் தட்டில் குவித்து வைத்திருக்கும் வாக்குத்தத்த அட்டைகளில் (ஆளுக்கு ஒன்று எடுப்போம், அதிலுள்ள வசனம்தான் அந்த வருஷத்துக்கு ஆண்டவர் நமக்குத் தரும் வாக்கு) இந்த ஒரு வசனத்தை மட்டும் கூடுதலாக அடித்து வைக்கிறார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

இதை வைத்து எங்கள் குடும்ப குரூப்பில் வருஷா வருஷம் ஒரு சண்டை வரும். நாங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), மதினி வீட்டார் பெந்தெகொஸ்தே, மாமா பெண் கொடுத்தது ஆர்.சி. (கத்தோலிக்க) வீட்டில். இறையியல் படிக்கிற சித்தி மகன்தான் முதலில் ஆரம்பிப்பான்: "இது பாபிலோனுக்குச் சிறைபோன யூதர்களுக்கு எழுதிய கடிதம், உங்க வீட்டு லோனுக்கும் பையன் விசாவுக்கும் எழுதினது இல்ல." மதினி விடமாட்டார்: "ஆண்டவர் எனக்குப் பேசினத நீ யாருடே இல்லங்கறது?" அப்புறம் ஆளாளுக்கு வசனம் போடுவார்கள். மாமா மட்டும் கும்பிடு எமோஜி போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்.

எனக்கு ரெண்டு பேர் சொல்வதும் பாதிதான் சரி என்று படுகிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கடிதம். கி.மு. 597ல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் யூதாவின் எகொனியா ராஜாவையும் அவன் தாயையும் பிரபுக்களையும் தச்சர், கொல்லர்களையும் பிடித்துக்கொண்டு போகிறான். அங்கே போனவர்களுக்கு ஒரே எதிர்பார்ப்பு, எப்போது ஊர் திரும்புவோம் என்பதுதான். எருசலேமிலிருந்து எரேமியா தீர்க்கதரிசி எழுதுகிறார்: வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணி வையுங்கள், உங்களைப் பிடித்துக்கொண்டு போனவனுடைய பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம் பண்ணுங்கள். இதெல்லாம் ஐந்திலிருந்து ஏழாம் வசனம் வரை. பத்தாம் வசனத்தில் 70 வருஷம் கழித்துத் திரும்பக் கொண்டுவருவேன் என்று வருகிறது. அதற்குப் பிறகுதான் நம்முடைய பதினோராம் வசனம். அதாவது அந்தக் கடிதத்தைக் கையில் வாங்கிப் படித்த முப்பது வயதுக்காரன் ஊரைத் திரும்பப் பார்க்கப்போவதில்லை. அவன் பேரப்பிள்ளை பார்ப்பான். சமாதானத்துக்கேதுவான நினைவு என்று அவனுக்குச் சொல்லப்பட்டது இதைத்தான்.

சரி, அப்படியானால் சித்தி மகன் ஜெயித்துவிட்டானா? அதுவும் இல்லை. வேதத்தை எழுதியவர்களே அவன் வகுப்பில் சொல்லித்தரும், சூழலைப் பார்த்து வாசிக்கிற முறையில் வேதத்தை வாசிக்கவில்லையே. பழைய ஏற்பாட்டில் ஓசியா 11:1ல் "எகிப்திலிருந்து என்னுடைய குமாரனை வரவழைத்தேன்" என்று இருப்பது மோசே காலத்து இஸ்ரவேலைப் பற்றி, அடுத்த வசனமே அவர்கள் பாகால் என்ற அந்நிய தெய்வத்துக்குப் பலியிட்டதைச் சொல்கிறது. சுவிசேஷம் எழுதிய மத்தேயு அதே வரியை எடுத்து, குழந்தை இயேசு எகிப்திலிருந்து திரும்பி வருவதற்குப் பொருத்துகிறார். இன்றைக்கு யாராவது செமினரித் தேர்வில் இப்படி எழுதினால் பாஸ் ஆவார்களா தெரியாது.

அட்டை எடுப்பதையும் பெந்தெகொஸ்தேக்காரர்கள் கண்டுபிடிக்கவில்லை. ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற ஊரில் மொராவிய சபையார் 1728ல் ஒவ்வொரு நாளைக்கும் ஒரு வசனம் கொடுக்க ஆரம்பித்தார்கள், 1731லிருந்து அது புத்தகமாகவே வருகிறது. பழைய ஏற்பாட்டு வசனங்களை இன்றைக்கும் சீட்டுப்போட்டுத்தான் எடுக்கிறார்கள். இதே சபையார் 1760ல் தரங்கம்பாடிக்கு வந்து இறங்கியவர்கள்தான். அதற்கும் வெகு காலம் முன்னால், 386ல், மிலானில் ஒரு தோட்டத்தில், பிற்பாடு பெரிய இறையியலாளரான அகஸ்டின் பவுலின் நிருபங்களைத் திறந்து கண்ணில் பட்ட இடத்தை வாசித்தார். அது ரோமர் 13:13. களியாட்டும் வெறியும் வேசித்தனமும் வேண்டாம் என்கிற வசனம். அன்றோடு அவர் வாழ்க்கை வேறு. ஆக, ஒரு வசனம் எனக்கென்று பேசுகிறது என்று மதினி சொன்னால், அதற்கு அவருக்குப் பெரிய பரம்பரையே இருக்கிறது, நாம் சிரிக்க வேண்டியதில்லை.

ஆனால் அகஸ்டினுக்கு வந்த வசனத்தைப் பாருங்கள். அது அவரைக் குத்துகிறது. நம் தட்டில் அப்படி ஒரு அட்டை கிடக்கிறதா? "உங்கள் பண்டிகைகளைப் பகைத்து வெறுக்கிறேன்" என்று ஆமோஸ் தீர்க்கதரிசி சொன்னது யாருக்காவது வந்திருக்கிறதா? தட்டுக்கு வருவதற்கு முன்னாலேயே யாரோ உட்கார்ந்து பொறுக்கியிருக்கிறார்கள். பரிசுத்த ஆவியானவர் எடுத்துக் கொடுத்தார் என்று நாம் சொல்வது, ஒரு அச்சகத்தில் ஏற்கெனவே வடிகட்டி அனுப்பிய வசனங்களுக்குள்ளிருந்து.

இந்தப் பொறுக்குகிற வேலையை எல்லாச் சபையும் செய்கிறது, எங்கள் சபை உட்பட. 1 பேதுரு 3:3ஐ வைத்துக்கொண்டு பெந்தெகொஸ்தே சபைகள் பலவற்றில் பெண்கள் கம்மலைக் கழற்றிவிடுகிறார்கள். நகையைச் சொல்கிற அதே வசனம் மயிரைப் பின்னுவதையும் விலையுயர்ந்த துணியையும் சேர்த்துத்தான் சொல்கிறது. சடை போடாமல் யாரும் வருவதை நான் பார்த்ததில்லை, பட்டுச்சேலையும் வரத்தான் செய்கிறது. நாங்களோ அது அந்தக் காலத்து ரோம சாம்ராஜ்யத்துக்குச் சொன்னது என்று சொல்லிவிட்டு, மணவாட்டியின் கழுத்துத் தெரியாத அளவுக்கு நகை போட்டு ஆலயத்துக்குள் நடத்திக்கொண்டு போகிறோம். பெண்கள் சபையில் பேசக்கூடாது என்கிற வசனம் இருக்கும்போதே சி.எஸ்.ஐ. 1976ல் பெண்ணுக்குக் குருப்பட்டம் கொடுத்தது, 2013ல் ஆந்திராவின் நந்தியாலில் ஒரு பெண் பேராயரே வந்தார். நல்ல முடிவு என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் அங்கே சூழல் பார்க்கிற நாம், தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை) வரும்போது மட்டும் அதைக் கேட்கிற மல்கியா புத்தகத்தை எழுத்துக்கு எழுத்து வாசிக்கிறோமே, அது எப்படி? அப்போஸ்தலர் 15:29ல் இரத்தத்துக்கு விலகியிருங்கள் என்று இருக்கிறது. ரத்தப் பொரியலைத் தொடாத வீடும் உண்டு, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அதற்கென்றே கறிக்கடைக்கு ஓடுகிற வீடும் உண்டு. ரெண்டு வீட்டிலும் இருப்பது ஒரே வேதம்.

கத்தோலிக்கர்கள் இதில் கொஞ்சம் வெளிப்படையானவர்கள். வேதத்தைத் திருச்சபையோடு சேர்ந்துதான் வாசிக்க வேண்டும் என்று அவர்கள் மறைக்காமல் சொல்கிறார்கள். 1965ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் (கத்தோலிக்க ஆயர்களின் பொதுக்கூட்டம்), எழுதியவர் எந்த இலக்கிய வகையில் எழுதினார் என்பதைப் பார்க்கவேண்டும் என்று எழுத்திலேயே வைத்தது. ஆனால் அவர்கள் கையிலும் வெட்டுகிற கத்தரி உண்டு. 1971ல் வந்த குருக்களின் தினசரி ஜெபப் புத்தகத்தில் 58, 83, 109ஆம் சங்கீதங்கள் முழுசாகவே இல்லை, 137ஆம் சங்கீதம் ஆறாம் வசனத்தோடு நின்றுவிடுகிறது. அதன் கடைசி வசனம் பாபிலோனின் குழந்தைகளைக் கல்லின்மேல் மோதியடிக்கிறவன் பாக்கியவான் என்கிறது. அந்தப் பட்டணத்துக்காக ஜெபம் பண்ணுங்கள் என்று எரேமியா கடிதம் எழுதியதும், அதே பட்டணத்தின்மேல் இந்தச் சாபம் பாடப்பட்டதும், ரெண்டும் ஒரே வேதப் புத்தகத்துக்குள் இருக்கிறது. இதைத்தான் உட்கார்ந்து பேசவேண்டும் என்று நினைக்கிறேன். வெட்டிவிட்டால் பேச்சே எழாது.

கடைசியாக ஒன்று. 29ஆம் அதிகாரம் வாசிக்கிறவர்கள் 28ஐயும் வாசியுங்கள். அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி, ஆலயத்தில் எல்லாருக்கும் முன்னால், ரெண்டே வருஷத்தில் எல்லாரும் திரும்பி வந்துவிடுவார்கள் என்று கர்த்தர் பேரில் சொல்கிறான். எரேமியா முதலில் "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்கிறார். அவருக்கும் அதுதான் ஆசை. ஆனால் அது நடக்காது என்று அவருக்குத் தெரியும். பாபிலோனுக்குப் பணிந்திருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் மாட்டியிருந்த நுகத்தை அனனியா பிடுங்கி உடைக்கிறான். அவன் சொன்னது பொய் என்று ஆகிறது, அந்த வருஷமே செத்துப்போகிறான்.

அதனால் வரப்போகிற டிசம்பர் 31க்குப் பாஸ்டர்மாரும் எங்கள் சபை ஐயர்மாரும் 29:11ஐத் தாராளமாகக் கொடுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அட்டையின் பின்பக்கம் சும்மாதானே கிடக்கிறது, அதில் ஐந்திலிருந்து பத்து வரை அடித்துக் கொடுங்கள். இதைக் குரூப்பில் போட்டேன். மதினி உடனே பதில் போட்டார்: "எழுபது வருஷம்னு போட்டா அட்டைய எவம்டே எடுப்பான்?" சித்தி மகன் அதற்கு ஹார்ட் விட்டிருக்கிறான்.