தட்டு உருகித்தான் எரிமலை வருகிறதா?

"கீழே செருகும் கடல்தட்டு உராய்வுச் சூட்டில் உருகி, அதுவே எரிமலையாக மேலே வருகிறது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பல பாடப் படங்களே இப்படித்தான் காட்டுகின்றன, அதனால் அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. ஆனால் பெரும்பாலும் நடப்பது வேறு.

இறங்கும் தட்டு, அதாவது இன்னொரு தட்டின் அடியில் செருகும் கடலடிப் பாறைப் பலகை, சுற்றியுள்ள பாறையைவிடக் குளிர்ந்தது. ஆழம் கூடக்கூட அதன் கனிமங்களில் கட்டுண்டிருந்த நீர் பிரிந்து, மேலிருக்கும் மேன்டில் (புவியோட்டுக்குக் கீழுள்ள அடுக்கு) பாறைக்குள் ஏறுகிறது. நீர் சேர்ந்தால் அந்தப் பாறையின் உருகுநிலை நூற்றுக்கணக்கான டிகிரி இறங்கிவிடும். உருகுவது பெரும்பாலும் இந்த மேன்டில்தான்.

லாவாவின் வேதியியலே இதற்குச் சாட்சி. கடல் நடுவே தட்டுகள் விலகும் முகடுகளில் உருவாகும் பசால்ட் எரிமலைப்பாறையோடு ஒப்பிட்டால், நீரோடு எளிதில் வரும் பேரியம், ஈயம் இந்த லாவாவில் தூக்கலாக இருக்கும். நீரில் கரையத் தயங்கும் நியோபியம், டான்டலம் குறைந்திருக்கும்.

சரி, தட்டிலிருந்து வருவது நீர் மட்டும்தானா? அதுவும் இல்லை. எனக்குப் பிடித்த சான்று, பெரிலியம் தனிமத்தின் கதிரியக்க வடிவமான பெரிலியம்-10. காஸ்மிக் கதிர்களால் வளிமண்டலத்தில் உருவாகிக் கடலடி வண்டலில் படிவது இது; அரை ஆயுள் சுமார் 14 லட்சம் ஆண்டுகள். நிகரகுவா எரிமலை லாவாவில் இது கிடைக்கிறது. அதாவது, கடலடிச் சேறு கீழே போய், சில மில்லியன் ஆண்டுகளுக்குள் எரிமலை வழியாகத் திரும்பியிருக்கிறது!

தட்டே உருகும் இடங்களும் உண்டு, முக்கியமாக இளசான, சூடான தட்டு இறங்கும்போது. அப்படி உருவாகும் பாறைக்கு அடகைட் என்று பெயர், அலூசியன் தீவுகளில் ஒன்றான அடாக்கை வைத்து. அது விதிவிலக்கு.