அந்தத் துணியைத் துவைக்கச் சொன்னது யாரு?

விருந்தாளியா வர்ற பெரியவங்களுக்கு வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் கண்ணுல படற முதல் அழுக்கு, ரெண்டு வயசுக் குழந்தை கையில இருக்கற, அது இல்லாம தூங்காத அந்தத் துணிதான். பரண்ல ஒட்டடை தொங்கும், மிக்ஸி மூடி ரப்பர்ல கறுப்பா படிஞ்சிருக்கும், அதெல்லாம் தெரியாது. "அய்யய்யே, என்ன நாத்தம், இதையா வாயில வச்சுக்கிறே?"ன்னு பிடுங்கி, சோப்புத் தண்ணியில ஊறப்போட்டு, போதாததுக்கு ஒரு மூடி கம்ஃபர்ட்டும் ஊத்தி அலசி, கொடியில போட்டுட்டு, பெரிய உபகாரம் பண்ணின மாதிரி ஆறு மணி காபியைக் குடிச்சிட்டுக் கிளம்பிடறாங்க. ராத்திரி பத்தரை மணிக்கு ஈரத்துணியை ஃபேன் காத்துல காட்டிக்கிட்டு நிக்கறது யாரு? காஞ்சு கைக்கு வந்த துணியை மோந்து பார்த்துட்டு, "இது இல்ல"ன்னு தூக்கி எறியற குழந்தையைத் தோள்ல போட்டுக்கிட்டு பன்னெண்டு மணி வரைக்கும் நடக்கறது யாரு?

அந்த நாத்தம்தான் அந்தத் துணியே. இது செல்லம் குடுக்கற பெத்தவங்க கட்டிவிட்ட கதை இல்ல. டொனால்ட் வின்னிகாட்னு ஒரு பிரிட்டிஷ் குழந்தை மருத்துவர், மனப்பகுப்பாய்வாளரும்கூட, 1951லயே இதைப் பத்தி கட்டுரை வாசிச்சிருக்கார். நாலு மாசத்துல இருந்து ஒரு வயசுக்குள்ள இந்தப் பிடிப்பு ஆரம்பிக்கும்; துணி அழுக்காகி நாறினாலும் அம்மா அதை அப்படியே விடறா, ஏன்னா துவைச்சா குழந்தைக்கு இருந்த தொடர்ச்சி அறுந்துடும்னு அவளுக்குத் தெரியும்; இதான் அவர் சொன்னது. நம்ம வீட்டு அத்தைக்கு மட்டும் இன்னும் தகவல் போய்ச் சேரல.

"எங்க காலத்துல இதெல்லாம் இருந்துச்சா?"ன்னு அடுத்த கேள்வி. ஏன் இல்ல? குழந்தை அம்மா பக்கத்துலயே படுத்தது, அதனால அம்மாவோட காது மடலைப் பிடிச்சுக்கிட்டுத் தூங்கிச்சு. முந்தானை நுனியைச் சுருட்டிக்கிட்டுத் தூங்கிச்சு. தொப்புள்ல விரலை விட்டுக்கிட்டுத் தூங்கின பிள்ளைங்கதான் இன்னிக்கு மீசையோட வந்து உபதேசம் பண்றாங்க. இத்தாலியில கடீனி தம்பதி 1970ல வெளியிட்ட ஆய்வுலயும் இதேதான்: ரோம் நகரக் குழந்தைங்களை விட கிராமத்துக் குழந்தைங்ககிட்ட துணி, பொம்மைப் பிடிப்பு ரொம்பக் கம்மி. அம்மா உடம்பு எட்டற தூரத்துல இருந்தா துணி எதுக்கு? நம்ம ஊர்ல நடுவுல ஒரு ரகம்: அம்மாவோட பழைய காட்டன் நைட்டி, நைஞ்ச சேலை, இலவம்பஞ்சுத் தலகாணியோட மூக்கு. போர்வையை விட்டுட்டு அதுல தைச்சிருக்கற லேபிளை மட்டும் தடவற குழந்தைங்களும் உண்டு. கட்டை விரல் வாயில, இன்னொரு கை அந்த லேபிள்ல.

சரி, துவைக்கறவங்களையாவது மன்னிக்கலாம். துணியில வேப்பெண்ணெய் தடவற கூட்டம் ஒண்ணு இருக்கே! "கசந்தா தானா விட்டுடும்"னு சொல்லிக்கிட்டு, குழந்தை சப்பற நுனியிலயே தடவறாங்க. வேப்பெண்ணெய் குழந்தை வயித்துக்குள்ள போறது விளையாட்டு இல்ல. மலேசியாவுல கைமருந்தா அதைக் குடிக்கக் குடுத்த கைக்குழந்தைங்களுக்கு வாந்தி, மயக்கம், வலிப்பு வந்ததைப் பத்தி 1981லயே லான்செட் மருத்துவ இதழ்ல மருத்துவர்கள் எழுதியிருக்காங்க. குடிக்கறதும் துணியில தடவறதும் ஒரே அளவு இல்லைதான். ஆனா ராத்திரி பூரா சப்பற துணியில எவ்வளவு உள்ள போகும்னு அளந்து தடவப் போறது யாரு? மிளகாய்ப்பொடி இன்னும் மோசம். அந்தக் கை நேரா கண்ணுக்குத்தான் போகும்.

அடுத்து "காக்கா தூக்கிட்டுப் போயிடுச்சு" கோஷ்டி. ஒளிச்சு வச்சுட்டு இந்தப் பொய். குழந்தை அதுக்கப்புறம் தூங்கற நேரத்துல எதையும் கண்ணை விட்டு அகல விடாது, அம்மாவையும் சேர்த்துத்தான். பாத்ரூம் கதவைச் சாத்த முடியாது. துணி போன இடத்துல அம்மா தலைமுடியை இழுக்கற பழக்கம் வந்து உக்காரும். அதுவும் தம்பிப் பாப்பா பிறந்த மாசம், பால் மறக்கடிக்கற வாரம், பிளே ஸ்கூல்ல சேர்க்கற நாள், வீடு மாத்தற சமயம், இந்த நாலுலதான் பிடுங்கணும்னு யாருக்காவது ஞானோதயம் வரும். குழந்தைக்குத் துணி ரொம்பத் தேவைப்படற நேரமே அதுதான்யா!

எல்லாத்துக்கும் மேல ஒரு கொடுமை: துணியைப் பிடுங்கிட்டு, அழுகையை நிறுத்த மொபைலைக் குடுக்கறாங்க. நைட்டித் துண்டு கெட்ட பழக்கம், படுக்கையில யூடியூப் நல்ல பழக்கமாம்.

இப்ப பெத்தவங்க பக்கம். ஒரே ஒரு துணியை வச்சுக்கிட்டு ஊர் சுத்தறீங்களே, அது தொலைஞ்சா என்ன பண்ணுவீங்க? "அதே மாதிரி புதுசு வாங்கிக்கலாம்"னு நினைக்காதீங்க. புரூஸ் ஹூட், பால் புளூம்னு ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2008ல வெளியான சோதனையில, மூணுல இருந்து ஆறு வயசுக் குழந்தைங்ககிட்ட, "இந்தப் பெட்டிக்குள்ள வச்சா அச்சு அசலா இன்னொண்ணு வரும்"னு காட்டினாங்க. தூங்கறப்போ வச்சுக்கிற சாமானை உள்ள வைக்கவே சில குழந்தைங்க ஒத்துக்கல. வச்சதுங்கள்ல பெரும்பாலானது தன்னோட பழசுதான் வேணும்னு கேட்டுச்சு. அதனால துணிக்கு மாத்து ஜோடியை, எது அசல்னு குழந்தை முடிவு பண்றதுக்கு முன்னாடியே தயார் பண்ணணும். ஒரு வயசைத் தாண்டின உடனே பண்ணினா சுலபம்.

சேலைன்னா வேலை எளிது. நல்லா நைஞ்ச காட்டன் சேலை, ஐந்தரை மீட்டர் இருக்கும். 18 அங்குலச் சதுரமா ஆறு துண்டு, எல்லாமே ஒரே கரைப் பக்கத்துல இருந்து வெட்டுங்க. கரை நீளம் பூரா ஓடறதால ஒவ்வொரு துண்டுலயும் அந்தக் கரை வந்துடும், குழந்தை விரல் தேடறதும் பெரும்பாலும் அதைத்தான். ஜரிகை வேண்டாம், கன்னத்தைக் கீறும். ஓரத்தை ரெண்டு மடிப்பு மடிச்சுத் தைக்கணும். ஓவர்லாக்கோட விட்டா நாலு துவையல்ல நூல் பிரியும். பிரிஞ்ச நூல் விரல்ல சுத்திக்கிட்டா ரத்த ஓட்டமே நின்னுடும். காலையில விரல் சிவந்து வீங்கியிருந்தா முதல்ல நூலோ முடியோ சுத்தியிருக்கான்னு பாருங்க.

துண்டுகளை அம்மா தலகாணி உறைக்குள்ள ரெண்டு ராத்திரி வச்சிட்டு, ரெண்டு ரெண்டா புழக்கத்துல விடுங்க, மூணு நாளைக்கு ஒருதரம் மாத்துங்க. எல்லாமே ஒரே வேகத்துல நையணும், அதுதான் சூட்சுமம். புதுசை பீரோவுல அடுக்கி வச்சிருந்து ஒரு வருஷம் கழிச்சு நீட்டினா குழந்தை சிரிச்சிட்டுப் போயிடும். ஏற்கெனவே ஒண்ணே ஒண்ணுல ஒட்டிக்கிச்சுன்னா, பழசையும் புதுசையும் சேர்த்தே பத்துப் பதினஞ்சு ராத்திரி கையில குடுங்க, அப்புறம் பகல் தூக்கத்துக்குப் புதுசை மட்டும் குடுத்துப் பாருங்க.

துவைக்கறது காலையில, குழந்தை எழுந்து விளையாடப் போனப்புறம். பால், எச்சில் கறைக்கு இருபது நிமிஷம் பச்சைத் தண்ணி. சுடுதண்ணி ஊத்தினா பால் கறை துணியிலயே கெட்டிப்படும். எப்பவும் போடற அதே சோப்பு, பாதி அளவு. வாசனைத் திரவம் கூடாது, இஸ்திரி கூடாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில எல்லாத் துண்டையும் ஒண்ணா நனைக்கற தப்பைப் பண்ணிடாதீங்க. வாந்தி, பேதின்னா மட்டும் இந்தத் தயவு தாட்சண்யம் கிடையாது; சுடுதண்ணியில நேரா.

தலகாணிக்கு இலவம்பஞ்சுன்னா உள்ள தண்ணி படவே கூடாது, கட்டி தட்டிடும். வெயில்ல ரெண்டு பக்கமும் காய வச்சு, உறையை மட்டும் ஜோடியா வச்சுக்குங்க. பஞ்சுப் பொம்மைன்னா தலகாணி உறைக்குள்ள போட்டு வாயைக் கட்டி மெஷின்ல போடலாம். வெளிய காஞ்ச மாதிரி இருந்தாலும் நடுவுல அழுத்திப் பாருங்க, உள்ள ஈரம் நின்னா பூஞ்சைதான். வீசிங் இருக்கற குழந்தைக்கு 60 டிகிரி தண்ணியில துவைச்சாதான் தூசிப் பூச்சி சாகும். பொம்மை அதைத் தாங்காதுன்னா, கவர்ல கட்டி ஒரு நாள் முழுக்க ஃப்ரீசர்ல வச்சிட்டு அப்புறம் சாதாரணமா துவைங்க. ஃப்ரீசர் பூச்சியைக் கொல்லும், அதோட எச்சத்தைத் துவையல்தான் எடுக்கும்.

பாதுகாப்புல மட்டும் பெரியவங்க சத்தம் போட்டா கேட்டுக்கணும். ஒரு வயசுக்குள்ள குழந்தை தூங்கற இடத்துல துணி, தலகாணி, பொம்மை எதுவுமே கூடாது, மூச்சு முட்டும். மடியில, விழிச்சிருக்கறப்போ குடுக்கலாம், தூங்கினதும் எடுத்துடணும். அதுக்கு மேல வயசானாலும் முழுச் சேலை, துப்பட்டா, நாடா வச்ச நைட்டி ஆகாது, கழுத்துல சுத்தும். பொம்மைக்குப் பிளாஸ்டிக் கண்ணு, பட்டன் மூக்கு இருந்தா பிச்சு எடுத்துட்டு நூலால கண்ணு தைங்க.

வெளியூர் போறப்போ பெட்டியில வைக்காதீங்க, கைப்பையில. லாட்ஜ் ரூம்ல இது தொலையறது ஒரே வழியில: பெட்ஷீட்டோட சுருண்டு சலவைக்குப் போயிடும். காலி பண்றதுக்கு முன்னாடி விரிப்பை உதறுங்க. போனப்புறம் தெரிஞ்சா உடனே போன் போட்டு, ரூம் நம்பர் சொல்லி, சலவை மூட்டை கட்டறதுக்குள்ள பார்க்கச் சொல்லுங்க.

ரெண்டரை வயசுக்கு மேல எல்லை போடலாம்: துணி முதல்ல வீட்டை விட்டு வெளிய வராது, கொஞ்ச மாசம் கழிச்சு படுக்கையை விட்டு வராது. துணி இருக்கறதுல ஒரு குறையும் இல்ல. நாலு வயசைத் தாண்டியும் கட்டை விரல் வாயிலயே இருந்தா மட்டும் பல் டாக்டர்கிட்ட காட்டுங்க, அது பல் வரிசை சமாச்சாரம். துணியை ராவோட ராவா வெட்டிச் சின்னதாக்கற யோசனை பெருசா சுத்துது. மூணு வயசுக்கு மேல, குழந்தைகிட்ட சொல்லிட்டுப் பண்ணினா சில வீட்டுல நடக்கும். சொல்லாம வெட்டினா அதுவும் காக்கா கதைதான்.

யூகேஜி வாக்குல துணி தானா கட்டிலுக்கு அடியில கிடக்க ஆரம்பிக்கும், கேட்பாரே இருக்க மாட்டாங்க. அப்பவும் ஒரு புண்ணியவான் வந்து குப்பையில போடப் பார்ப்பார், விடாதீங்க. காய்ச்சல் வந்தா ஆறு வயசுலயும் கேட்கும். ஒரு காட்டன் பையில போட்டு அலமாரியில வைங்க. பக்கத்துல அந்துருண்டை போட்டீங்கன்னா வாசனையும் போச்சு, ஜி6பிடிங்கற நொதி ரத்தத்துல குறைவா இருக்கற குழந்தைன்னா அந்த நாப்தலின் ரத்தச் சிவப்பணுவையே உடைச்சிடும்.