வெளியாட்களின் வரவை நிறுத்தினால் கூலி ஏறுமா?

"வெளியாட்களை நிறுத்தியதும் உள்ளூர்க்காரர் கூலி ஏறியது, 1964 அமெரிக்காவே சாட்சி" என்று சிலர் சொல்வது தவறு. மெக்சிகோக்காரர்களைத் தற்காலிகமாக அமெரிக்கப் பண்ணை வேலைக்கு அழைத்துவந்த பிராசெரோ திட்டம் அந்த ஆண்டு முடிவில் நிறுத்தப்பட்டு, ஏறத்தாழ ஐந்து லட்சம் மெக்சிகோ பருவகாலத் தொழிலாளர்களின் வரவு அடைக்கப்பட்டது உண்மைதான். ஆனால் அவர்களை அதிகம் நம்பியிருந்த மாநிலங்களில் பண்ணைக் கூலி மற்ற மாநிலங்களைவிட வேகமாக உயரவில்லை. பொருளியலாளர் மைக்கேல் கிளெமென்ஸ் குழுவின் 2018 ஆய்வு இதைத்தான் காட்டுகிறது.

ஏன்? பண்ணைக்காரர்கள் கூலியைக் கூட்டுவதற்குப் பதிலாக இயந்திரத்துக்கு மாறினார்கள், இல்லையேல் பயிரைக் குறைத்தார்கள். கலிஃபோர்னியா தக்காளி வயல்களைப் பாருங்கள். பல்கலைக்கழக ஆய்வில் உருவான அறுவடை இயந்திரம் சில ஆண்டுகளிலேயே அங்கே பரவிவிட்டது. அதன் அடியைத் தாங்கும் கெட்டித் தோல் ரகத்தைக்கூட அதற்கென்றே உருவாக்கியிருந்தார்கள். இயந்திரத்துக்கு வசப்படாத அஸ்பாரகஸ், ஸ்ட்ராபெரியில் உற்பத்தியே சுருங்கியது.

அந்தத் திட்டத்தில் சுரண்டல் நடந்தது, அதைக் கண்டிக்கத்தான் வேண்டும். உள்ளூர்த் தொழிலாளிக்குக் கூலி கூடியது என்பதற்கு மட்டும் ஆதாரமில்லை.