இந்தக் கோடைக்கு இரண்டு புத்தகம்

லீவுக்கு ஊருக்குப் போகிறவர்கள் பையில் இரண்டு புத்தகங்களை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுமே கடவுள் நம்பிக்கையைக் கேள்வி கேட்பவை. சாமி கும்பிடுகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

முதலாவது பகத்சிங்கின் 'நான் நாத்திகன் ஏன்?'. மதியச் சாப்பாட்டுக்கும் சாயங்காலக் காப்பிக்கும் நடுவில் முடித்துவிடலாம், அவ்வளவு மெல்லியது. 1930 அக்டோபரில் லாகூர் சிறையில் எழுதியது. தலைக்கனத்தால்தான் கடவுள் இல்லை என்கிறான் என்று கூட இருந்தவர்களே சொன்னார்கள். அதற்கான பதில் இது.

அதில் ஓர் இடம். 1927இல் முதல்முறை கைதானபோது, தினம் இரண்டு வேளை பிரார்த்தனை செய் என்று போலீஸ்காரர்கள் அவரை வற்புறுத்துகிறார்கள். நிம்மதியாக இருக்கும்போது மட்டும்தான் நான் நாத்திகனா, இந்த நெருக்கடியிலும் அப்படி நிற்க முடியுமா என்று தன்னையே கேட்டுக்கொள்கிறார். யோசித்துப் பார்த்து, பிரார்த்திப்பதில்லை என்று முடிவெடுக்கிறார். நம்பிக்கை இருந்தால் கஷ்டம் லேசாகும் என்பதையும் ஒத்துக்கொள்கிறார். அந்த ஆறுதல் இல்லாமலேதான் தூக்குக் கயிற்றுக்குக் காத்திருந்தார். வயது 23.

மூன்று வருஷம் முன்பு அப்பா ஐசியூவில் கிடந்தார். வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் அம்மா கவசம் சொல்லிக்கொண்டிருந்தார். இருபது வருஷமாகக் கோயில் பக்கம் போகாத நானும் கூடவே முணுமுணுத்தேன், நீட்டிய திருநீற்றைப் பூசிக்கொண்டேன். அதில் எனக்கு வெட்கமில்லை. ஆனால் அப்பா வீடு திரும்பிய பிறகு அந்தப் பக்கத்தை மறுபடி படித்தபோது, அந்தப் பையன் எவ்வளவு பெரிய பாரத்தைத் தனியாகச் சுமந்திருக்கிறான் என்று அப்போதுதான் புரிந்தது.

இதைத் தமிழில் தந்தவர் பொதுவுடைமைத் தலைவர் ஜீவா. அதற்காகவே அவரும், புத்தகத்தை வெளியிட்ட பெரியாரின் அண்ணன் ஈ.வெ.கிருஷ்ணசாமியும் கைதானார்கள்.

அடுத்தது மெஸ்லியரின் 'மரண சாசனம்'. சுயமரியாதை இயக்கத்தார் தமிழுக்குக் கொண்டுவந்தது. பிரான்சில் ஒரு சின்னக் கிராமத்தில் 40 வருஷம் பாதிரியாராக இருந்தவர் மெஸ்லியர். ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாம் நடத்திவைத்தவர். 1729இல் அவர் இறந்த பிறகு, எதையுமே தான் நம்பவில்லை என்று அவர் கைப்பட எழுதிய மூன்று பிரதிகள் கிடைத்தன. 1762இல் அதைச் சுருக்கி வெளியிட்ட, மத பீடங்களைக் கடுமையாகச் சாடிய பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேரே, கடவுள் இல்லை என்ற பகுதியை வெட்டிவிட்டார். அவ்வளவு காரம்.

போன மாதம் பகத்சிங் புத்தகத்தை அம்மா என் மேஜையிலிருந்து எடுத்துப் படித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "இவனைத் தூக்கில் போட்டப்போ இவன் அம்மா இருந்தாங்களா?" என்று கேட்டார்.

இருந்தார். 1975 வரைக்கும் இருந்தார்.