வண்டியைத் திருப்பிக் கொடுத்தது பேராசை இல்லை

ஞாயிற்றுக்கிழமை நம் குழுவில் வந்த அந்தக் குரல் பதிவை உங்களில் பாதிப் பேர் கேட்டிருப்பீர்கள். "நல்லா ஓட்டிட்டு, அப்புறம் வக்கீலைப் புடிச்சுக் காசைத் திரும்ப வாங்கிட்டாங்க. இதெல்லாம் நம்ம ஆளுங்க பண்ற வேலையா?" பெயர் சொல்லவில்லை. கலிஃபோர்னியா ஃப்ரீமாண்டில் எங்கள் வீட்டு வாசலில் போன மாதம் வரை நின்ற வெள்ளை எஸ்யூவி யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும், பெயர் எதற்கு? அந்தப் பதிவுக்குக் கைதட்டல் போட்டவர்களில் நான்கு பேர் என் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள். அதுதான் எனக்கு வலித்தது.

இரண்டு நாள் வாயைத் திறக்காமல் இருந்தேன். இப்போது சொல்கிறேன். கொடுத்த காசுக்கு ஒழுங்கான வண்டியைக் கேட்பது பேராசை இல்லை.

"நல்லா ஓட்டிட்டு" என்கிறாரே, எப்படி ஓட்டினோம் என்று கேளுங்கள். லிவர்மோர் கோயிலில் பூஜை போட்டு, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி எடுத்து வந்த வண்டி. 48,000 டாலர். ஆறாவது வாரம், ரிவர்ஸ் போட்டால் பின்பக்கக் கேமராவின் திரை கறுப்பாகவே நின்றது. சில நாள் வரும், சில நாள் வராது. அப்புறம் ஒரு நாள் 880 ஹைவேயில் அறுபது மைல் வேகத்தில் போகும்போது, முன்னால் ஒரு வண்டியும் இல்லாத இடத்தில், தானாகவே பிரேக் போட்டது. பின் சீட்டில் மகளின் பால் பாட்டில் பறந்து வந்து என் தோளில் பட்டு உடைந்தது. கண்ணாடியில் பார்த்தேன், பின்னால் ஒரு லாரி. அந்த டிரைவர் சுதாரித்து அடுத்த லேனுக்கு ஒடித்ததால் இன்று இதை எழுதுகிறேன். வீட்டுக்கு வந்து சீட் பெல்ட்டைக் கழற்றவே எனக்குக் கை வரவில்லை. இப்படித்தான் "நல்லா" ஓட்டினோம்.

ஆறு முறை சர்வீஸுக்குப் போனேன். மொத்தம் 41 நாள் வண்டி அவர்களிடம்தான் கிடந்தது. முதல் இரண்டு முறையும் அங்கிருந்தவர் சிரித்த முகத்தோடு, "நாங்கள் எதையும் மாற்றவில்லை, அதனால் பேப்பர் எதுவும் இல்லை" என்று சாவியைக் கையில் கொடுத்தார். நானும் நன்றி சொல்லிவிட்டு வந்தேன். நான் செய்த தவறு அது ஒன்றுதான்.

ஏன் தவறு என்று கொஞ்சம் விளக்க வேண்டும். லெமன் லா என்றால், திரும்பத் திரும்பப் பழுதாகும் புது வண்டியைக் கம்பெனியே திருப்பி வாங்க வைக்கும் சட்டம். கலிஃபோர்னியாவில் அது 1970-ல் வந்த வாரண்டி சட்டத்தில் இருக்கிறது. வண்டி கைக்கு வந்து 18 மாதம் அல்லது 18,000 மைல், எது முதலில் வருகிறதோ அதற்குள், உயிருக்கு ஆபத்தான பழுதுக்கு இரண்டு முறையாவது, மற்றப் பழுதுக்கு நான்கு முறையாவது ரிப்பேருக்கு விட்டும் சரியாகவில்லை என்றால், அல்லது மொத்தம் 30 நாளுக்கு மேல் வண்டி சர்வீஸிலேயே கிடந்தால், கம்பெனிக்குப் போதுமான வாய்ப்பு கொடுத்தாகிவிட்டது என்று சட்டமே எடுத்துக்கொள்கிறது. இரண்டு முறை, நான்கு முறை என்ற அந்தக் கணக்குக்குக் கம்பெனிக்கு நேரடியாக ஒரு கடிதமும் போட்டிருப்பது நல்லது. அந்தக் கெடு தாண்டினால் கதவு மூடிவிட்டது என்று அர்த்தமில்லை, நிரூபிக்கும் பாரம் கூடும், அவ்வளவுதான். ஆனால் எத்தனை முறை, எத்தனை நாள் என்று எண்ண ரிப்பேர் ஆர்டர் என்ற அந்தப் பேப்பர் வேண்டும். பேப்பர் இல்லாத முறை, போகாத முறை மாதிரிதான்.

அடுத்து, ஓட்டிய மைலுக்கான கழிவு. காசைத் திருப்பித் தரும்போது, வண்டியின் விலையை முதல் முறை ரிப்பேருக்குக் கொண்டுபோன மைலால் பெருக்கி, 1,20,000-ஆல் வகுத்து, அதைக் கழித்துக்கொள்வார்கள். நான் முதலில் போனது 1,500 மைலில். பேப்பர் இருந்திருந்தால் 600 டாலர் கழிந்திருக்கும். முதல் பேப்பர் 3,000 மைலில்தான் கிடைத்தது, 1,200 டாலர் போனது. ஆக, ஓட்டியதற்குக் கணக்குப் பார்த்துக் காசு கொடுத்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். இலவசமாக ஓட்டவில்லை. நன்றி சொல்லிவிட்டு வெறுங்கையோடு வந்ததற்கு மேற்கொண்டு 600 டாலரும் கொடுத்திருக்கிறேன்.

பேப்பர் வாங்கினால் மட்டும் போதாது, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நின்று படியுங்கள். மூன்றாவது முறை என் பேப்பரில், "திரை அவ்வப்போது மங்குவதாக வாடிக்கையாளர் சொல்கிறார்" என்று இருந்தது. மங்கவில்லை, கறுப்பாகிறது. பிரேக் விஷயத்தைக் காணவே காணோம். கவுண்டரை விட்டு நகராமல் நின்றேன். போனில் எடுத்திருந்த வீடியோவைக் காட்டினேன். திருத்தித்தான் கொடுத்தார்கள். கீழே "சோதித்தபோது பழுது தென்படவில்லை" என்று எழுதினாலும் பரவாயில்லை, தேதியும் மைலும் நாம் சொன்ன குறையும் ஏறிவிட்டதா, அதுதான் முக்கியம்.

"சாஃப்ட்வேர் கோளாறுதானே, அப்டேட் வந்தா சரியாயிடும்" என்று ஒருவர் கீழே எழுதியிருந்தார். இந்த நாட்டில் 2018 மே முதல் புது வண்டி எல்லாவற்றிலும் பின்பக்கக் கேமரா கட்டாயம். ரிவர்ஸ் போட்ட இரண்டு நொடிக்குள் படம் வர வேண்டும் என்பது விதி. பின்னால் தவழ்கிற குழந்தை கண்ணில் பட வேண்டும் என்பதற்காகப் போட்ட விதி. அதை எப்படிக் "கோளாறுதானே" என்று தள்ள முடிகிறது? மூன்று அப்டேட் போட்டார்கள். மூன்றுக்குப் பிறகும் கறுப்புதான்.

"டீலர் பாவம், நமக்கு விலை குறைச்சுக் கொடுத்தவர்." காசைத் திருப்பித் தர வேண்டியது தயாரித்த கம்பெனி. டீலரோடு எனக்குச் சண்டை இல்லை. வக்கீல் கட்டணத்தையும் கம்பெனிதான் கட்டியது. ஜெயித்தால் அவர்கள் கட்ட வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது.

"இப்படி ஆளாளுக்குக் கேஸ் போட்டா வண்டி விலை ஏறும்." ஏறட்டும். அந்த லாரிக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்து இதைச் சொல்லுங்கள்.

ஒரு கேள்வி மட்டும் நியாயமானது. திருப்பி வாங்கிய வண்டி வேறு யார் தலையிலாவது கட்டப்படாதா? நானும் இதை நினைத்துத் தூங்காமல் இருந்திருக்கிறேன். சரி செய்து விற்கலாம், ஆனால் உரிமைப் பத்திரத்தில் லெமன் லா பைபேக் என்று முத்திரை விழ வேண்டும், ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும், வாங்குகிறவரிடம் எழுத்தில் சொல்ல வேண்டும். பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் அந்தக் கதவைத் திறந்து பாருங்கள். 2024 அக்டோபரில் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம், கம்பெனி வாரண்டி மிச்சம் இருக்கிறது என்பதற்காகப் பழைய வண்டியைப் புது வண்டியாக எடுத்துக்கொள்ள முடியாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. புது வண்டிக்கான இந்த உரிமை அதற்குக் கிடைக்காது என்பதால் இன்னும் கவனம் வேண்டும்.

கம்பெனிகளே சில நேரம் ஒத்துக்கொள்கின்றன. 2022-ல் டொயோட்டா தன் புத்தம் புது மின்சார எஸ்யூவியில் சக்கர போல்ட் தளர்ந்து சக்கரமே கழன்றுவிடலாம் என்று, உலகம் முழுக்கச் சுமார் 2,700 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. உடனே சரிசெய்ய வழி தெரியாததால் இங்கே வாங்கியவர்களிடம் வண்டியைத் திருப்பி வாங்கிக்கொள்ளவும் முன்வந்தது. அப்போது வண்டியைக் கொடுத்தவர்களை யாராவது பேராசைக்காரர்கள் என்றார்களா?

எல்லாவற்றையும்விட என்னைக் குடைந்தது, "விசாவுல இருக்கிறவங்க கேஸ் கீஸ்னு போகக் கூடாது" என்ற அறிவுரை. இது வாரண்டி வழக்கு. வண்டியை வாங்கியவரா என்று கேட்கிறது சட்டம், எந்த நாட்டுக் குடிமகன் என்று கேட்கவில்லை. என் கணவர் பதினோரு வருடமாகக் கிரீன் கார்டுக்காகக் காத்திருக்கிறார். பதினோரு வருடமும் வரி கட்டியிருக்கிறோம். வீட்டுக்காரர் அட்வான்ஸைப் பிடித்துக்கொண்டாலும் பேசாதே, ஆபீஸில் அடுத்தவன் வேலையைத் தலையில் கட்டினாலும் பேசாதே, பிரேக் தானாகப் பிடித்தாலும் பேசாதே. அடங்கிப் போவதையே நல்ல குணம் என்று நமக்குள்ளேயே சொல்லிக்கொடுத்துக்கொள்கிறோம். என் மகளுக்கு இதை நான் சொல்லிக்கொடுக்க மாட்டேன்.

எங்கள் திருநெல்வேலி வீட்டில் அப்பா ஒரு கிரைண்டர் வாங்கினார். முதல் நாளிலிருந்தே ஆட்டம். சைக்கிள் கேரியரில் கட்டி மூன்று முறை கடைக்குக் கொண்டுபோனார். "ஓட ஓடச் செட் ஆயிடும் சார்" என்றார்கள். நாலாவது முறை அப்பா போகவில்லை, சண்டைக்காரன் என்று பெயர் வந்துவிடும் என்று. அம்மா அந்தக் கிரைண்டரின் அடிச்சட்டத்தை வலது காலால் மிதித்துக்கொண்டே பதினோரு வருடம் மாவாட்டினாள். போன வாரம் காசு வந்துவிட்டது என்று அம்மாவிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "மொத்தக் காசுமா? அவங்களே வந்து வண்டியை எடுத்துக்கிட்டாங்களா?" என்று மறுபடி மறுபடி கேட்டாள்.

வேறு மாநிலத்தில் இருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. நியூ ஜெர்சியில் முதல் 24 மாதம் அல்லது 24,000 மைலுக்குள் மூன்று முறை அல்லது 20 நாள். டெக்சாஸில் மாநில மோட்டார் வாகனத் துறையிலேயே 35 டாலர் கட்டிப் புகார் கொடுக்கலாம். எங்கே இருந்தாலும் பேப்பர் வாங்குங்கள்.

குரல் பதிவு போட்ட அண்ணாவுக்கு ஒரு வார்த்தை. தீபாவளியன்று எங்கள் வீட்டு வாசலில் நின்று, உங்கள் புது வண்டி சிக்னலில் நின்று கிளம்பும்போது இரண்டாவது கியரில் உதைக்கிறது, மூன்று முறை கொண்டுபோயும் ஒன்றுமில்லை என்கிறார்கள் என்று என் கணவரிடம் சொன்னீர்கள். பேப்பர் வாங்கினீர்களா என்று அவர் கேட்டதற்கு, அதெல்லாம் எதுக்குப்பா என்றீர்கள். போன வருடம் ஆகஸ்ட்டில் எடுத்த வண்டி அது. 18 மாதம் எப்போது முடிகிறது என்று எண்ணிப் பாருங்கள். கம்பெனிக்கு நான் எழுதிய கடிதத்தின் நகல் கோப்பில் இருக்கிறது. அண்ணியையும் கூட்டிக்கொண்டு ஒரு சாயங்காலம் வாருங்கள், எடுத்துத் தருகிறேன்.