பதில் சொல்லாவிட்டால் என்ன ஆகும்? அமெரிக்க எலிமெண்டரி ஸ்கூலின் இலையுதிர்காலத் தாள்கள்

செப்டம்பர் நடுவில் தொடங்கி நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் விடுமுறை வரை, எலிமெண்டரி ஸ்கூல் (தொடக்கப் பள்ளி) பிள்ளை வீட்டுக்குக் கொண்டுவரும் ஃபோல்டர் பள்ளி அனுப்பும் தாள்களால் நிரம்பி வழியும். பூசணித் தோட்டத்துக்கு ஃபீல்ட் ட்ரிப், பிக்சர் டே, புக் ஃபேர், டீச்சர் கான்ஃபரன்ஸ், ஹாலோவீன் ஊர்வலம், மதிய உணவு விண்ணப்பம், தனியுரிமை அறிவிப்பு. எல்லாத் தாளும் ஆரஞ்சு இலைப் படத்தோடு, ஒரே எழுத்தளவில் வரும். அதனால் எல்லாமே அழைப்பிதழ் போலத் தெரியும், ஆனால் எல்லாம் அழைப்பிதழ் இல்லை. நாம் சும்மா இருந்தால் சில தாள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளும், சில தாள் வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளும். தாளைக் கையில் எடுத்ததும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்: நான் பதில் சொல்லாவிட்டால் என்ன ஆகும்?

மௌனம் சம்மதமாகும் தாளுக்குச் சரியான உதாரணம், மாணவர் பதிவுகளின் தனியுரிமைக்கான 1974ஆம் ஆண்டின் ஃபெர்பா சட்டப்படி வரும் 'டைரக்டரி இன்ஃபர்மேஷன்' அறிவிப்பு. பிள்ளையின் பெயர், முகவரி, தொலைபேசி எண், பிறந்த தேதி, புகைப்படம், வகுப்பு போன்றவற்றைப் பெற்றோரைத் தனியாகக் கேட்காமலே வெளியே தரப் பள்ளிக்கு இது வழி திறக்கிறது. எந்தெந்த விவரம் இதில் சேரும் என்று முன்கூட்டியே அறிவித்து, மறுப்புச் சொல்ல அவகாசம் தர வேண்டும் என்பதுதான் பள்ளியின் கடமை. அவகாசம் முடிந்தால் சம்மதம் என்று பொருள். பெரும்பாலும் ஆண்டுக் கையேட்டின் நடுப் பக்கத்தில், பேருந்து விதிகளுக்கும் உடை விதிகளுக்கும் இடையே இது ஒளிந்திருக்கும்.

மறுக்க நினைப்பவர்கள் கையெழுத்துப் போடும் முன் படிவத்தை முழுதாகப் படியுங்கள். சில பள்ளி மாவட்டங்களில் (உள்ளூர்ப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகங்களில்) ஒரே ஒரு கட்டம்தான் இருக்கும், எல்லாம் அல்லது எதுவுமில்லை. அதை டிக் செய்துவிட்டால் பள்ளியின் ஆண்டு மலரான இயர்புக்கிலும் பாராட்டுப் பட்டியலிலும்கூடப் பிள்ளையின் பெயர் வராமல் போகலாம். ஜூன் மாதம் இயர்புக்கைப் புரட்டித் தன் முகத்தைத் தேடும் பிள்ளைக்கு அப்போது விளக்கம் சொல்லி என்ன பயன்? 'இயர்புக் போகலாம், வெளியார் கேட்டால் தரக் கூடாது' என்று ஆஃபிஸுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள். பல இடங்களில் ஒத்துக்கொள்வார்கள்.

மதிய உணவு விண்ணப்பம் நேர் எதிர். மௌனம் என்றால் முழு விலை. போன ஆண்டு இலவசமாகவோ குறைந்த விலையிலோ சாப்பிட்ட பிள்ளைக்கு அந்தச் சலுகை புதிய ஆண்டில் 30 பள்ளி நாள் வரைதான் நீடிக்கும். ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ பள்ளி திறந்தால், அக்டோபரில் ஒருநாள் கணக்கில் திடீரென்று பாக்கி ஏறத் தொடங்கும். குடும்ப வருமானம் கூட்டாட்சி வறுமைக் கோட்டின் 130 விழுக்காட்டுக்குள் இருந்தால் இலவசம், 185 விழுக்காட்டுக்குள் இருந்தால் குறைந்த விலை. கெடு என்று எதுவும் இல்லை. ஜனவரியில் வேலை போனால் ஜனவரியிலேயே விண்ணப்பிக்கலாம். கலிஃபோர்னியா, மெயின் போல எல்லாப் பிள்ளைக்கும் சாப்பாடு இலவசம் என்ற மாநிலங்களில்கூட வருமானப் படிவம் அனுப்புவார்கள், பள்ளிக்கு வரும் நிதி அதைப் பார்த்து மாறும் என்பதால். 'நமக்குத்தான் இலவசமாயிற்றே' என்று தூக்கிப் போடாதீர்கள்.

ஃபீல்ட் ட்ரிப் தாளில் நாம் எல்லோரும் கவனமாகப் பார்ப்பது கட்டணத்தை. உண்மையில் சிக்கல் மருந்தில் இருக்கிறது. எபிபென் (கடும் ஒவ்வாமைக்கான ஊசி), இன்ஹேலர் இரண்டுக்கும் மருத்துவர் கையெழுத்திட்ட உத்தரவு நர்ஸிடம் இருக்க வேண்டும், போன ஆண்டு உத்தரவு பொதுவாக இந்த ஆண்டுக்குச் செல்லாது. மருந்து, பார்மஸி லேபிள் ஒட்டிய அசல் பெட்டியில், காலாவதி ஆகாமல் இருக்க வேண்டும். லேபிள் பெட்டியின் மேல்தான் ஒட்டியிருக்கும். பெட்டியைக் குப்பையில் போட்டுவிட்டு உள்ளே இருக்கும் குழாயை மட்டும் பையில் வைத்து அனுப்பினால், நர்ஸ் அதை வாங்கிக்கொள்ள மாட்டார். வைக்கோல் வண்டிச் சவாரி இருக்கும் பண்ணை என்றால் ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு இன்ஹேலர் பேருந்தில் ஏறுமா என்று முந்தின நாளே கேட்டுவிடுங்கள். கூடப் போக விரும்பும் பெற்றோருக்கு இன்னொரு கெடு உண்டு. பல மாவட்டங்கள் குற்றப் பின்னணிச் சோதனை கேட்கும், அது முடியச் சில நாளிலிருந்து சில வாரம் வரை ஆகும். அக்டோபர் ட்ரிப்புக்கு செப்டம்பரிலேயே விண்ணப்பியுங்கள்.

பிக்சர் டேக்குப் பச்சைச் சட்டை வேண்டாம். பின்னணியை மாற்றித் தரும் படப்பிடிப்பு என்றால் பின்னால் பச்சைத் திரை இருக்கும், சட்டையும் அதோடு சேர்ந்து மறைந்து மரத்தின் நடுவே தலை மட்டும் தெரியும். படம் வேண்டாம் என்று பணம் கட்டாவிட்டாலும் இயர்புக்குக்காகப் படம் எடுப்பார்கள், எனவே அன்று பிள்ளை தலைவாரித்தான் போக வேண்டும். புக் ஃபேருக்கு 10 டாலர் கொடுத்தனுப்பினால் 9.99 டாலர் புத்தகம் வராது. பல மாநிலங்களில் விற்பனை வரி மேலே ஏறும், பிள்ளை கவுண்டரில் வந்துதான் அதைத் தெரிந்துகொள்ளும். ஹாலோவீன் உடையில் முகமூடி, ஆயுத பொம்மை இரண்டையும் பெரும்பாலான பள்ளிகள் விடுவதில்லை. அதைவிட முக்கியம், பிள்ளை யார் உதவியும் இல்லாமல் அந்த உடையைக் கழற்றிப் பாத்ரூம் போய் வர முடிய வேண்டும். முதுகில் ஜிப் வைத்த உடை கின்டர்கார்டன் பிள்ளைக்கு ஆகாது.

வகுப்புக் கொண்டாட்டத்துக்குப் பலகாரம் கேட்டால் வீட்டில் செய்தது வேண்டாம், கடையில் வாங்கிய, பிரிக்காத, உட்பொருள் அச்சிட்ட பாக்கெட் என்றுதான் எழுதியிருப்பார்கள். இதை அவமதிப்பாக எடுத்துக்கொள்பவர்கள் நம்மில் உண்டு. அமெரிக்கச் சட்டப்படி முக்கிய ஒவ்வாமைப் பொருள் 9. பால், முட்டை, மீன், இறால் வகை, மரக்கொட்டை, வேர்க்கடலை, கோதுமை, சோயா ஆகியவற்றோடு 2023 ஜனவரி 1 முதல் எள்ளும் சேர்ந்துகொண்டது. நல்லெண்ணெய் என்பது எள்தானே என்று நமக்கு அந்த நேரத்தில் தோன்றாது. 'கொட்டை எதுவும் போடவில்லை' என்று மனசாரச் சொல்லித்தான் கொடுத்திருப்போம்.

இனி டீச்சரும் பெற்றோரும் தனியாகச் சந்தித்துப் பேசும் கான்ஃபரன்ஸ். செப்டம்பரில் நடக்கும் 'பேக் டு ஸ்கூல் நைட்' வேறு, இது வேறு. அங்கே டீச்சர் எல்லோருக்கும் பொதுவாகப் பேசுவார், உங்கள் பிள்ளையைப் பற்றிக் கேட்கும் இடம் அது இல்லை. அக்டோபர், நவம்பரில் வரும் கான்ஃபரன்ஸில் 15, 20 நிமிடம் கிடைக்கும். இணையத்தில் நேரம் திறந்ததும் மாலை நேரங்கள் முதலில் போய்விடும். அந்த நாட்களில் பள்ளி பெரும்பாலும் பாதி நாள்தான் என்பதும் அதே தாளின் அடியில் இருக்கும். பள்ளி விட்டபின் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் ஆஃப்டர்கேர் அன்றைக்குத் தனிப்பதிவு கேட்கலாம். மதியம் வீட்டு வாசலில் பூட்டைப் பார்த்துக்கொண்டு பிள்ளை நிற்கக் கூடாது.

ஆங்கிலத்தில் பேசத் தயங்கும் பெற்றோருக்கு, குறிப்பாகப் பேரப்பிள்ளையைக் கூட்டிப் போகும் தாத்தா பாட்டிக்கு, இதைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைச் சட்டத்தின் ஆறாம் பிரிவுப்படி, கூட்டாட்சி நிதி பெறும் பள்ளி ஆங்கிலம் போதாத பெற்றோருக்குப் புரியும் மொழியில் முக்கியத் தகவலைச் சொல்ல வேண்டும், மொழிபெயர்ப்பாளரை இலவசமாகத் தர வேண்டும். பிள்ளையையோ அதன் அக்காவையோ நடுவில் உட்கார வைத்துப் பேசுவது முறை இல்லை. 'இவனுக்கு வாசிப்பு பின்தங்கியிருக்கிறது' என்று டீச்சர் சொல்வதை அதே பையன் அம்மாவுக்கு எப்படிச் சொல்வான்? தமிழ் பேசுபவர் நேரில் கிடைக்காவிட்டாலும் தொலைபேசி வழியாகக் கேட்கலாம். இரண்டு வாரம் முன்பே எழுதிக் கேளுங்கள், கூடவே இரண்டு நேரத்தைச் சேர்த்துக் கேளுங்கள். ஒவ்வொரு வாக்கியமும் இரண்டு முறை சொல்லப்படுவதால் 20 நிமிடம் 10 நிமிடமாகிவிடும்.

உள்ளே போனதும் 'நன்றாகப் படிக்கிறானா?' என்று கேட்டால் 'நல்ல பிள்ளை' என்றுதான் பதில் வரும். ஆண்டுத் தொடக்கத்தில் எடுத்த வாசிப்புச் சோதனையின் எண் என்ன, இந்த வகுப்புக்கு இந்த மாதம் அது எவ்வளவு இருக்க வேண்டும், குறைவென்றால் வாரத்தில் எத்தனை நாள், எத்தனை நிமிடம், யார் சொல்லித் தருகிறார்கள் என்று கேளுங்கள். சேர்க்கையின்போது வீட்டு மொழி தமிழ் என்று எழுதியிருந்தால் ஆங்கிலச் சோதனை வைத்திருப்பார்கள். கூடுதல் ஆங்கில வகுப்பு தேவை என்றால், பள்ளி ஆண்டு தொடங்கி 30 நாளுக்குள் அந்தக் கடிதம் உங்களுக்கு வர வேண்டும். வகுப்பு வேண்டாம் என்று மறுக்கலாம், ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் ஆங்கிலத் தேர்வை பிள்ளை எழுதித்தான் ஆக வேண்டும்.

நவம்பர் முதல் ஞாயிறு விடியற்காலை 2 மணிக்குக் கடிகாரம் ஒரு மணி பின்னால் போகும், அரிசோனாவின் பெரும்பகுதியும் ஹவாயும் தவிர. அந்தத் திங்களிலிருந்து ஆஃப்டர்கேர் முடிந்து வரும்போது இருட்டிவிடும். நடந்து வரும் பிள்ளையின் கோட்டில் ஒளி பிரதிபலிக்கும் பட்டை ஒன்று ஒட்டிவிடுங்கள்.

டிசம்பரில் ஊருக்குப் போகிறவர்கள் அக்டோபரிலேயே ஆஃபிஸுக்குத் தேதியை எழுதிக் கொடுங்கள். 180 நாள் ஆண்டில் 18 நாள், அதாவது பத்தில் ஒரு பங்கு, போனால் நெடுநாள் வராதவர் பட்டியலில் பெயர் ஏறும், விடுப்புக்கு அனுமதி வாங்கியிருந்தாலும் அந்த நாட்கள் கணக்கில் சேரும். சில மாவட்டங்களில் தொடர்ந்து இத்தனை நாள் வராவிட்டால் பெயரையே நீக்கிவிடுவார்கள், திரும்பி வந்து முகவரிச் சான்றிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி தர வேண்டும். எத்தனை நாள் என்பது மாவட்டக் கையேட்டில் இருக்கும். டிக்கெட் போடும் முன் அந்தப் பக்கத்தைப் பாருங்கள்.