ஸ்டோர் சாவி யாரிடம்?
எம்.பி.பி.எஸ். முடிவில் ஆஸ்பத்திரியில் பயிற்சி பெறும் ஹவுஸ் சர்ஜன் வருடமே பி.ஜி. மேற்படிப்புக்கும் பிற்பாடு நிர்வாகப் பொறுப்புக்கும் போதுமான பயிற்சி என்று டாக்டர் பயிற்சி பற்றிய ஒரு கட்டுரை சொல்வதைத்தான் ஏற்க முடியவில்லை. மூன்றரை மணி நேரத்தில் 200 கேள்விகள் என்று நீட் பி.ஜி. நுழைவுத் தேர்வு கழுத்தை நெரிக்கும்போது பல பிள்ளைகள் வார்டுக்கு வருவதே கையெழுத்துக்குத்தான். செங்கோட்டைப் பக்கம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவள் நான். ஒருநாள் விடியற்காலை மூன்று மணிக்கு, கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவில் ரப்பர் பால் வெட்டப் போனவரைப் பாம்பு கடித்துவிட்டது என்று தூக்கி வந்தார்கள். புதிதாகச் சேர்ந்திருந்த டாக்டர் தம்பி கெட்டிக்காரர். ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்தார். உறையவில்லை, விஷம் ஏறியிருக்கிறது என்றதும் விஷமுறிவு மருந்து 10 குப்பி கேட்டார். கையில் இருந்ததோ நாலு. ஸ்டோர் சாவி பார்மசிஸ்ட் வீட்டில். யாரை எழுப்புவது, 108-ஐ இப்போதே கூப்பிடுவதா, மலையாளத்தில் அழுகிற மனைவிக்கு என்ன சொல்வது, எதுவும் அவருக்குப் பிடிபடவில்லை (என் அரைகுறை மலையாளம் அன்றைக்குத்தான் உதவியது). அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர், நிர்வாகம் கற்க டாக்டர்களை எம்.பி.ஏ. படிக்கச் சொல்கிறார். படிக்கட்டும், அதற்கு முன்னால் ஒரு மாதம் இன்டென்ட் (ஸ்டோரில் மருந்து கேட்டு எழுதும் சீட்டு) போடவும் நைட் டூட்டி பட்டியல் எழுதவும் விடுங்கள். கடிபட்டவர் பிழைத்துவிட்டார், மறுநாளே ஸ்டோருக்கு இரண்டாவது சாவி செய்ய வைத்தது அந்த டாக்டர் தம்பிதான்.